ஒன்பது மணி மூச்சு

மாஸ்டர்: ...ஒரு வேளைகூட விடலை சிஸ்டர். சந்தேகமா இருந்தா நீங்க கொடுத்த அந்த மருந்து மிஷினையே கேட்டுப் பாருங்க.

நர்ஸ்: கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். நீங்க அதுல இழுக்கிற, விடுற ஒவ்வொரு மூச்சும், உள்ளே போற மருந்தோட அளவும், ஆஸ்பத்திரிக்கு வந்துடுது மாஸ்டர்.

மாஸ்டர்: அப்ப என்னை நல்ல பையன்னு சொல்லியிருக்குமே!

நர்ஸ்: சொல்லுது. ரெண்டு வேளையும் முழு மருந்து. ஆனா நேத்து நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப நாலு வார்த்தை பேசுறதுக்குள்ள உங்களுக்கு மூச்சு வாங்குச்சு. மருந்து எங்கே போகுதுன்னு பார்த்துட்டு வரச் சொன்னார் டாக்டர்.

மனைவி: முப்பது வருஷமா தையல் கடையில துணித் தூசியைத் தின்ன நெஞ்சு சிஸ்டர். ஒரே மாசத்துல கழுவிக் கவுத்த மாதிரி ஆயிடுமா?

நர்ஸ்: ஆகாதுக்கா. ஆனா மிஷின் அனுப்பின இந்தப் படத்தைப் பாருங்க. மேலே இருக்கிற கோடு சாயங்காலம் ஏழு மணிக்கு. கீழே இருக்கிறது காலையில ஒன்பது மணிக்கு. ரெண்டும் ஒரே ஆளோட மூச்சு மாதிரியா இருக்கு?

மாஸ்டர்: ஒன்பது மணிக்கா? அப்ப நான் கடையிலதானே இருப்பேன்!

நர்ஸ்: கடையிலயா?

மாஸ்டர்: அதாவது... சில நாள்...

மனைவி: தவளை தன் வாயால கெட்டுச்சு.

நர்ஸ்: எத்தனை மணிக்குக் கடை திறக்கிறீங்க மாஸ்டர்?

மாஸ்டர்: எட்டு... எட்டேகால். இவ வர்றதுக்குப் பத்தாகும்.

நர்ஸ்: காலை மருந்து?

மாஸ்டர்: ...மூணு வாரமா எடுக்கலை. போதுமா?

நர்ஸ்: ஏன்?

மாஸ்டர்: கை நடுங்குது சிஸ்டர். அது உள்ளே போனா ரெண்டு மணி நேரம் என் கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. கண்ணைக் கட்டிவிட்டாலும் நேரா வெட்டுற கை... ஒருத்தரோட கோட் துணியில, தோள்பட்டைகிட்ட கத்திரி ஒரு விரல் அளவுக்கு உள்ளே போயிடுச்சு. அதே மாதிரி துணி தேடி வாங்கி, தைச்சுக் கொடுத்துட்டு வாயை மூடிக்கிட்டேன்.

நர்ஸ்: டாக்டர்கிட்ட சொல்லியிருந்தா அளவைக் குறைச்சிருப்பார், இல்ல மருந்தை மாத்தியிருப்பார். நிறைய பேருக்கு வர்றதுதான் மாஸ்டர் இது.

மாஸ்டர்: நிறைய பேர் கையில கத்திரி இல்லையே! கை நடுங்குற டெய்லர்னு ஒரு தடவை பேர் விழுந்தா எவன் துணி கொடுப்பான்? இவளுக்கே இது தெரியாது.

மனைவி: தெரியும்.

மாஸ்டர்: என்ன தெரியும்?

மனைவி: வெட்டுத்துணி மூட்டைக்கு அடியில அந்தக் கோட் துணியை ஒளிச்சு வெச்சிருந்தீங்க. பாம்பு போன தடம் மாதிரி ஒரு வெட்டு.

மாஸ்டர்: பார்த்துட்டு ஒரு வார்த்தை கேக்கலையே நீ.

மனைவி: கேட்டா? கை நடுங்குதுன்னு உங்க வாயாலேயே சொல்ல வெக்கணுமா நான்?

நர்ஸ்: அப்ப அந்த ஒன்பது மணி மூச்சு...

மனைவி: நான்தான் சிஸ்டர். இவர் கடைக்குப் போனதும் காலை மருந்து பிரிக்காம அப்படியே கிடக்கும். ஒழுங்கா எடுக்கலைன்னா மிஷினைத் திருப்பி வாங்கிடுவோம்னு நீங்கதானே சொன்னீங்க? சாயங்காலம் எடுக்கிறதும் போயிடுமேன்னு பயம்...

மாஸ்டர்: அடிப்பாவி! எனக்கு எழுதின மருந்தையா இழுத்தே? உனக்கு ஏதாவது ஒண்ணு ஆகியிருந்தா?

மனைவி: உங்களுக்கு ஆனா மட்டும் பரவாயில்லையாக்கும்?

நர்ஸ்: சண்டையை அப்புறம் வெச்சுக்குங்க. மாஸ்டர், நாளைக்கே டாக்டரைப் பார்க்கிறோம், கை நடுங்குறதைச் சொல்றோம். சரியா?

மாஸ்டர்: ...சரி.

நர்ஸ்: அக்கா, நீங்களும் கூட வரணும்.

மனைவி: நான் எதுக்கு? திட்டு வாங்கவா?

நர்ஸ்: இல்லக்கா. நல்ல நெஞ்சா இருந்தா வெளியே விடுற மூச்சு தடையில்லாம இறங்கும். உங்களோடது, முதல் நாள் பாருங்க, பாதியில முட்டிக்கிட்டு நிக்குது. போகப் போகக் கொஞ்சம் இளகியிருக்கு.

மாஸ்டர்: என்ன சொல்றீங்க சிஸ்டர்? இவளுக்கு ஒண்ணும் இல்லையே! இவ ஒரு நாள்கூட...

நர்ஸ்: அக்கா சொல்லட்டும். அவருக்காக மட்டும்தான் இழுத்தீங்களா?

மனைவி: முதல் ரெண்டு நாள் அவருக்காகத்தான் சிஸ்டர். மூணாம் நாள்... எங்க வீட்டு மாடிப்படியை எங்கேயும் உக்காராம ஏறிட்டேன். நாலு வருஷத்துல முதல் தடவை.