படத்தில் ஒழுகும் கூரை

சித்திரபுரத்திலிருந்து மூணாறு செல்லும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் தேயிலைத் தோட்டப் பெண்கள் இருவர் அமர்ந்திருந்தனர். புதுப்படத்தின் இலவச அழைப்பிதழை வைத்திருந்தவள் சொன்னாள்:

“நூறு வருசத்துக்கு முந்தின வீடு வேணும்னு படக்காரங்க தேடி, நேரா என் லயத்து வீட்டுக்கு வந்துட்டாங்க, மதினி.”

“செட்டு போட்டாங்களாக்கும்?”

“எதுக்கு? கேஸ் அடுப்ப மட்டும் வெளிய வச்சாங்க.”

“ஒழுகுற கூரை?”

“அதத் தொடவே கூடாதுன்னுட்டாரு டைரக்டரு. படம் முச்சூடும் ஒழுகுதாம்.”

“கொடுத்து வச்ச கூரை! அதச் சரி பண்ணச் சொல்லி நீ மனு குடுத்தியே, எஸ்டேட் மேனேஜரு வந்து பாத்தாரா?”

“மூணு மழை போச்சு. அவருக்கு ஏது நேரம்?”

“பெறகு லீவு போட்டு தியேட்டருக்கு எதுக்குப் போற? வீட்டுலயே அண்ணாந்து பாத்துக்கிட வேண்டியதுதான?”

அவள் அழைப்பிதழைக் கசங்காமல் முந்தானையில் பொதிந்துகொண்டாள்.

“மொத ஷோவுக்கு மேனேஜருதான் சிறப்பு விருந்தாளி. ரெண்டரை மணி நேரம் எந்திரிக்க முடியாதுல்ல.”