அறுபத்தாறு அடி

— அக்கா, அளந்தியா இல்லியா? அத மட்டும் சொல்லு.

— எத?

— காலையில மெசேஜ் போட்டேனே! உன் கம்பெனிக்குப் பின்னால நாம வெளையாடுற பிட்ச்ச அளந்து சொல்லுன்னு. இந்த ஸ்டம்புலேந்து அந்த ஸ்டம்பு வரைக்கும்.

— ஓ... அதுவா. பாத்தேன்டா வளவா. இங்க வேலை தலைக்கு மேல கெடக்குது. ஐநூறு பொம்மைக்கு கண்ணு எழுதணும், சாயந்தரம் சூளைக்குப் போவணும். நீ சாப்ட்டியா?

— பேச்ச மாத்தாத.

— சாப்ட்டியான்னு கேட்டா பேச்ச மாத்துறதா? சென்னைக்குப் போயி பத்து நாளுதான் ஆவுது, அதுக்குள்ள அய்யாவுக்குத் திமிரு. டீம் ஹோட்டல்ல என்னா போடுறாங்க?

— கோழி போடுறாங்க, முட்டை போடுறாங்க, என்னாத்தையோ எலையெல்லாம் பச்சையா போடுறாங்க. அக்கா... அளந்தியா?

— அளந்தேன், அளந்தேன். அறுவத்தாறு அடி. கரெக்டா இருக்குது. போதுமா?

— எப்ப அளந்த?

— இப்பத்தான்.

— இப்பத்தானா? மண்ணு அரைக்கிற மெஷினு சத்தம் காது கிழியுது. நீ எடத்த வுட்டு எழுந்திரிக்கவே இல்ல!

— அய்ய, பெரிய போலீஸ்காரன்! டீக்கு வுடட்டும், போயி அளக்கிறேன். அப்படி என்னாடா தலை போற அவசரம்? நேத்து பயிற்சி மேட்ச்சுல ரெண்டு விக்கெட்டு எடுத்தேன்னியே, அத கேட்டு வாட்ச்மேன் வரைக்கும் சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம மொத மேட்ச்சுக்கு கம்பெனியில பெரிய டிவி வெக்கிறேன்னு மேனேஜரு சொல்லியிருக்காரு. அம்மா கொளஞ்சியப்பரு கோயிலுக்கு நடந்தே போயிட்டு வந்துட்டுது. டேய், லைன்ல இருக்கியா?

— இருக்கேன். அது... ரெண்டு விக்கெட்டு இல்லக்கா.

— பின்ன, மூணா?

— ரெண்டு ஓவரு. முப்பத்தோரு ரன்னு.

— பரவாயில்லியே, பேட்டிங்கும் புடிச்சியா?

— நான் பவுலருக்கா! என் பந்துல அவனுங்க அடிச்சது.

— அடப்பாவி! டிவியில வராதுன்னு தெகிரியமா புளுகினியா?

— அம்மாகிட்ட சொல்லிடாத.

— சொல்லல, சொல்லல. ...ஒரு விக்கெட்டு கூடவா இல்ல?

— ஒருத்தன் அடிச்ச பந்து மேல போச்சி. கேட்ச்சு வருதுன்னு பாத்தேன். பந்து வரவேயில்ல, அந்தாண்ட ரோட்டுல போயி வுழுந்துட்டுது.

— ஹ்ம்... ஹா ஹா...

— சிரிக்கிறியா நீ?

— இல்லடா, தும்மலு. சரி, நம்மூரு டோர்னமெண்ட்டுல உன் பந்துக்கு அவனுங்க பேட்ட தூக்கறதுக்குள்ளவே ஸ்டம்பு பறக்குமே. அங்க என்னா ஆச்சி?

— அதேதான் கோச்சும் கேட்டாரு. வேகமெல்லாம் இருக்குதுடா, இந்த டீம்ல உன்ன வுட்டா வேகம் யாருக்கும் இல்ல, ஆனா உன் பந்து குத்துற எடம் ரெண்டு எட்டு முன்னால போயிடுதுங்கிறாரு. காலடியில போயி வுழுதாம். நம்மூரு பசங்களுக்கு அது ஆடத் தெரியாது, இவனுங்க தூக்கி வீசுறானுங்க.

— ரெண்டு எட்டா...

— ஆமா. எந்த பிட்ச்சுல பழகுனன்னு கேட்டாரு. சொன்னேன். போன் போட்டு அளக்கச் சொல்லு, சாயந்தரம் டீம் லிஸ்ட்டு போடறதுக்குள்ள எனக்குத் தெரியணும்னுட்டாரு. பெல்லு அடிச்சிட்டான், எனக்கே கேக்குது. எழுந்து போக்கா.

— போறேன்டா, வெரட்டாத. ...ப்பா, என்னா வெயிலு! ஒடஞ்ச பீங்கான இங்கியே கொட்டி வெச்சிருக்கானுங்க, காலு வெக்க எடமில்ல. இரு, டேப்பு முனைய ஸ்டம்புல மாட்டிக்கிறேன். வெச்சிடாத.

— வெக்கல. நீ போ.

— ...

— அக்கா?

— இருடா, நடந்துக்கிட்டு இருக்கேன்.

— ...எவ்ளோ?

— அறுவத்தாறு.

— நல்லா பாத்தியா?

— எனக்குப் படிக்கத் தெரியாதா? அறுவத்தாறு அடி. ஒரு இஞ்ச்சு கூடல, ஒரு இஞ்ச்சு கொறையல.

— ம்.

— என்னாடா, ம்முன்ற?

— ஒண்ணுமில்லக்கா. அப்ப கோளாறு என் கையிலதான். ஆக்‌ஷன மாத்தணும்.

— மாத்திக்கோயேன். அதுல என்னா இருக்குது?

— செருப்பு மாத்துற மாதிரியா? ஆறு மாசம் ஆவுமாம். அதுவரைக்கும் ஒரு மேட்ச்சு கெடையாது. என் எடத்துக்கு சேலத்துப் பையன் ஒருத்தன் ஷூவக் கட்டிக்கிட்டு நிக்கிறான். நாளைக்கி ரயில்ல வூட்டுக்கு வந்துடுவேன்னு நெனைக்கிறேன்.

— ஏ... என்னாடா சொல்ற?

— மேனேஜர டிவி வெக்க வேணாம்னு சொல்லிடு.

— இரு இரு. பிட்ச்சு தப்பா இருந்தா என்னா சொல்லுவாரு உங்க கோச்சு?

— தப்பா இருந்தா கவலையே இல்லன்னாரு. நீளமான பிட்ச்சுல கண்ணு பழகியிருக்குது, ரெண்டு நாளு அடையாளம் வெச்சிப் போட்டா சரியாயிடும், ஞாயித்துக்கெழம மொத ஓவரே நீதான்னாரு. அதான் சரியா இருக்குதே... வெச்சிடறேன்க்கா.

— வெக்காதடா! வளவா!

— என்னாக்கா?

— எழுவத்திரெண்டு.

— எது எழுவத்திரெண்டு?

— அடி. எழுவத்திரெண்டு அடி இருக்குது. அளக்காமியே தெரியும் எனக்கு. போயி கோச்சுகிட்ட சொல்லு, ஓடு.

— அது எப்படி? மொதல்ல போட்டப்போ அறுவத்தாறுதான். நானே கூட நின்னு அளந்தேன்!

— மொதல்ல அறுவத்தாறுதான். அப்பறம்... ஞாயித்துக்கெழம காலையில சுண்ணாம்பு கோடு யாரு போடுவா?

— நீ.

— பேட்டிங் பக்கத்து ஸ்டம்ப யாரு நடுவா?

— நீதான். ...அக்கா!

— ஒரு தடவைக்கு ஒரே ஒரு அடிடா. பேட்டப் புடிச்சிருந்த கையில உன் பந்து பட்டு கட்டை வெரலு வீங்கிச்சே, அப்ப ஒண்ணு. ஸ்கூட்டி ஹெல்மெட்டு கண்ணாடி ஒடஞ்சிச்சே, அப்ப ஒண்ணு. பொண்ணு பாக்க வந்தாங்களே, தாடை வீங்கி, பல்லு வலின்னு சொல்லிட்டு உக்காந்திருந்தேனே... அன்னிக்கி சாயந்தரம் ரெண்டு.

— ரெண்டா!

— கோவம் வந்துட்டுது. மீதி ரெண்டு நீ கல்லு மாதிரி தோலு பந்து வாங்கின வருஷம்.

— அடிப்பாவி அக்கா! அதான் வருஷா வருஷம் பந்து உங்கிட்ட போயி சேரவே மாட்டேங்குதுன்னு உயிரக் குடுத்து வீசினேனா! நாலு வருஷம் முதுகு ஒடஞ்சி போச்சி எனக்கு!

— அதான் வேகம் வந்துட்டுது இல்ல? எனக்குத்தான் நீ நன்றி சொல்லணும்.

— வாயப் பாரு! ஜங்ஷன்ல நிக்கிற கூட்ஸ் வண்டி கூட இதவிட வேகமா வரும்டான்னு பந்துக்குப் பந்து சீண்டுவியே. எனக்கு எவ்ளோ அழுவ வந்துருக்குது தெரியுமா? அதெல்லாம்...

— எல்லாம் பயத்துலதான். பேட்டப் புடிச்சிக்கிட்டு நிக்கும்போது முட்டி ரெண்டும் தட தடன்னு ஆடும். வாய் பேசினாத்தான் காலு நிக்கும்.

— எனக்குத் தெரியவேயில்லியேக்கா.

— தெரியக் கூடாதுன்னுதானே பாவாட மேல ரெண்டு நைட்டி போட்டுக்கிட்டு நின்னேன்.

— லூசு! பயமா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வேற எவனையாவது நிக்க வெச்சிருப்பேன்.

— எவன் நின்னான்? எல்லாவனும் ரெண்டு பந்துல ஓடிட்டானுங்க.

— அப்பவாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?

— சொல்லியிருந்தா நீ மெதுவா போட்டிருப்படா.