பன்னிரண்டாவது எலி

— அந்தப் பாக்கெட்டுல கை விடாத டாம்சின்! மிட்டாய் இந்தப் பக்கம் இருக்கு.

— ஏம்ப்பா, அதுல என்ன வெச்சிருக்க?

— மூக்குத் தொடச்ச துணி. வேணுமா?

— சீ!

— அப்ப இந்தா, புதினா மிட்டாய். வாசல்லயே தின்னு முடி. பிசுபிசுக்கிற கையோட போய் மியூசியத்துக் கண்ணாடிப் பெட்டியத் தொட்டேன்னா, பெரிலம்மா நம்ம ரெண்டு பேரையும் அந்தத் திருடன் அறையில போட்டுப் பூட்டிரும்.

— பூட்டட்டும். அங்க கைதி எலி பொம்மை இருக்கு. கோடு போட்ட சட்டை. அப்பா, கொட்டாவி விடாத, எனக்கும் வருது.

— ராத்திரி முழுக்கக் கறிக்கோழி ஃபேக்டரியில கோழியக் கொக்கியில மாட்டிட்டு நேரா வர்றேன். கொட்டாவிக்குக் கூட உங்கிட்ட லீவு கேக்கணுமா?

— உன் கையில நாத்தம் போகவே இல்ல.

— ப்ளீச் போட்டுக் கழுவினேன் தாயே.

— அந்த நாத்தத்ததான் சொல்றேன். கோழி நாத்தமே பரவால்ல.

— ரொம்பப் பேசாத. மழை கோட்டுக்குள்ள இறங்குது, உள்ள நட. முடிச்சுட்டு வந்து சந்தையில சாசேஜ் ரோல் வாங்கித் திங்கலாம்.

— அப்பா... அம்மாகூட இருக்கிற டங்கன் எனக்குக் குதிரை ஓட்டுற தொப்பி வாங்கிட்டாரு. கறுப்புல.

— ஓ. அளவு சரியா இருக்கா?

— கொஞ்சம் பெருசு. அம்மா சொல்லுச்சு, பன்னெண்டாவது எலி கெடச்ச மறு சனிக்கிழமையே குதிரை வகுப்புல சேத்துருவாங்களாம். அங்க சனிக்கிழமை மட்டுந்தான் எடம் இருக்காம். நான்தான் எலிய முடிச்சாத்தான் வருவேன்னு ஒத்தக் கால்ல நின்னேன்.

— தெரியும், உங்கம்மா சொன்னா.

— அப்புறம் நீ சனிக்கிழமைக்குப் பதிலா ஞாயித்துக்கிழமை வந்து என்னப் பாக்கலாமாம்.

— ஞாயித்துக்கிழமை எனக்கு வேலைன்னு உங்கம்மாவுக்குத் தெரியாதா?

— தெரியும். நானும் சொன்னேன். அதெல்லாம் உங்கப்பா பாத்துக்குவாருன்னு சொல்லுச்சு.

— உங்கப்பா பாத்துக்குவாரு! எல்லாத்தையும் உங்கப்பாதான் பாத்துக்கணும். சரி விடு, உங்கிட்ட எதுக்கு அதெல்லாம். கதவத் தள்ளு.

— அடடா, வந்தாச்சா! கெல்வின், காலத் தொடச்சுட்டு வா தம்பி, இப்பத்தான் தரைய மெழுகினேன். கண்ணு, என்ன, இன்னிக்காவது பன்னெண்டும் புடிச்சிருவியா?

— விதி மாறலையே பெரில் ஆன்ட்டி?

— விதி எங்க மாறும்? அறை அறையா ஒளிச்சு வெச்ச பன்னெண்டு எலியும் ஒரே நாள்ல பாக்கணும். இங்க மேசைக்கு வந்து ஒவ்வொண்ணும் என்ன உடுப்புப் போட்டிருக்குன்னு சொல்லணும். சரியாச் சொன்னா பழைய மாட்டுச்சந்தை மணிய நீயே கயிறு புடிச்சு அடிக்கலாம். வெளிய காய்கறிக் கடைக்காரனெல்லாம் திரும்பிப் பாப்பான்.

— பதினொண்ணு எனக்கு மனப்பாடம் ஆன்ட்டி.

— அப்ப ஓடு. அந்தப் பாடம் பண்ணின ரெட்டைத்தலை ஆட்டுக்குட்டிகிட்ட இருந்து ஆரம்பி. கெல்வின், நீ எங்க போற? நில்லு தம்பி. ஒரு வார்த்தை பேசணும்.

— என்ன பெரிலம்மா?

— கொல்லன் எலி.

— எந்தக் கொல்லன் எலி?

— நடிக்காத. நான் சொல்றதக் கேளு. தோல் ஏப்ரன் கட்டி இந்தக் கையால தைச்ச எலி அது. கொல்லுப்பட்டறையில துருத்திக்கு மேல வெச்சிருந்தேன். ஈஸ்டர் முடிஞ்சதுலருந்து காணல.

— சனிக்கிழமையானா எத்தன புள்ளைங்க வருதுங்க. எந்தச் சனியன் தூக்கிட்டுப் போச்சோ.

— துருத்தி இருக்கிற ஒசரத்துக்கு எந்தப் புள்ளைக்கும் கை எட்டாது. கண்ணு எட்டும். அப்படித்தான் பாத்து வெச்சது. கை எட்டணும்னா உன் வளர்த்தி வேணும்.

— சரி, ஒத்துக்கிறேன். பாக்கெட்டுலதான் இருக்கு. வீட்டுல வெச்சா, அத்துவானத்துல தனியாக் கெடக்கிற மாதிரி தோணுது. அதான் கூடவே வெச்சிருக்கேன். பைத்தியக்காரன்னு நெனப்பீங்க.

— நெனைக்கல. வேற ஒரு கொல்லன நான் எப்பவோ தைச்சு வெச்சிருக்கலாம், ஒரு சாயங்கால வேலை. ஏன் வெக்கலன்னு நெனைக்கிற? தூக்கம் முழிச்ச கண்ணோட, சவரம் பண்ணிக்கிட்டு, வாரம் தவறாம வந்து நிக்கிற. எனக்கும் கண்ணு இருக்கு.

— அப்ப இன்னிக்கு மட்டும் ஏன் கேக்குறீங்க?

— உம் பொண்ணுதான். போன மாசம் ஒரு நாள் இந்த மேசைகிட்ட வந்து நின்னா. 'ஆன்ட்டி, எனக்குக் கண்ணாடி போடணுமா'ன்னு கேட்டா. கூடப் படிக்கிற பொண்ணு ஈஸ்டருக்கு முன்னாலயே மணி அடிச்சுட்டாளாம். 'எல்லாருக்கும் தெரியுறது எனக்குத் தெரியல, பள்ளிக்கூடத்துல மண்டுன்னு சொல்றது நெசந்தான் போல'ன்னா.

— எங்கிட்ட சொல்லவே இல்லையே.

— உங்கிட்ட எப்படிச் சொல்லுவா? நீயுந்தான் அவகூட முட்டி போட்டுத் தேடிட்டிருந்தியே.

— போதும் பெரிலம்மா.

— சொல்லாம எப்படி இருக்கிறது?

— வேணும்னு எடுக்கல. அன்னிக்கு அவள தோள்ல தூக்கி வெச்சிருந்தேன். அவ பார்வை மெல்ல மெல்லத் துருத்திப் பக்கம் திரும்புச்சு. கை தானாப் போயிருச்சு. சூப்பர்வைசர்கிட்ட ஞாயிறு மாத்திக் குடுன்னு கேட்டுப் பாத்தேன். ஞாயித்துக்கிழமை கோழி சாகாதாடான்னு சிரிக்கிறான். சனிக்கிழமை போச்சுன்னா எனக்குப் புள்ளையே இல்ல. கிறிஸ்துமஸுக்குப் பொட்டலத்தோட வந்து வாசல்ல நிக்கிற ஆளா ஆயிருவேன். எங்கப்பன் அப்படித்தான் நின்னான். எனக்கு அவன்கிட்ட பேச ஒண்ணுமே இருக்காது.

— தெரியுது தம்பி. நல்லாத் தெரியுது. ஆனா அதுக்கு அந்தப் புள்ள தன் கண்ணச் சந்தேகப்படணுமா?

— வேண்டாம். படக்கூடாது.

— எடுக்கத் தானாப் போன கை, வெக்கவும் போகுதா பாரு. நான் அவளச் சமையல்கட்டு அறையில கொஞ்ச நேரம் புடிச்சு வெக்கிறேன்.

— மணி அடிச்சா நான் அழுதுருவேன் பெரிலம்மா.

— நானுந்தான் அழுவேன். போ.

— அப்பா! எங்க போன? பெரில் ஆன்ட்டி அந்த ரொட்டி அடுப்பப் பத்தி சொல்லிக்கிட்டே இருந்தாங்க, விடவே இல்ல. நீ கொல்லுப்பட்டறையிலயா நிக்கிற?

— இந்த ஆளுயரக் கொல்லன் பொம்மையப் பாத்துட்டிருந்தேன். சம்மட்டியப் புடிச்சிருக்கிற அழகப் பாரு, பூங்கொத்து மாதிரி! தலையில வேற பொம்பள முடி. ஏய், துருத்திப் பக்கம் ஒரு தடவ பாரேன்.

— போன வாரமே பாத்தாச்சு.

— இந்த வாரம் பாக்கலேல்ல. வா, தோள்ல ஏறு. அய்யோ, எம்மாங் கனம்! என்ன தெரியுது?

— இரு, இன்னும் கொஞ்சம் கிட்டப் போ.

— என்ன டாம்சின்?

— இருக்கு.

— நெசமாவா!

— தோல் ஏப்ரன் போட்டிருக்கு. சின்னச் சுத்தியல் கூட இருக்கு.

— பாத்தியா! பருந்துக் கண்ணுடி உனக்கு. யாராவது மண்டுன்னா எங்கிட்ட அனுப்பு. எவ்வளவு மூலையில இருந்தாலும் எம் பொண்ணு கண்டுபுடிப்பான்னு சொல்றேன்.

— ஏம்ப்பா இப்படிக் கத்துற?

— சந்தோஷந்தான்.

— கண்ணு செவந்திருக்கு.

— ராத்திரி முழிச்சா செவக்காதா? வா, மணி அடிக்கப் போலாம்.

— இரு, இரு. வாத்தியார் எலிக்குப் பொத்தான் என்ன நெறம்னு மறந்துட்டேன். பள்ளிக்கூட அறைக்கு ஓடிப் போயிட்டு வர்றேன். நீ இங்கயே நில்லு, வராத!

— மனப்பாடம்னு பீத்திக்கிட்ட?

— பொத்தான் மட்டும் மறந்துருச்சு!

— ஓடாத, வழுக்கும்... வந்துட்டியா? அதுக்குள்ளயா? என்னடி இது, வந்து இப்படிக் கட்டிக்கிற?

— குளுருது. உன் கோட்டுக்குள்ள சூடா இருக்கு.

— ஈரக் கோட்டுல என்ன சூடு. சரி, கட்டிக்க.

— போலாம்ப்பா. ஆன்ட்டி காத்துட்டிருப்பாங்க.

— சொல்லு கண்ணு, கையிலயே மணிக் கயித்த வெச்சுக்கிட்டு நிக்கிறேன். கைதி?

— கோடு போட்ட சட்டை.

— சமையல்காரி?

— வெள்ளத் தொப்பி, மரக்கரண்டி. பால்காரிக்கு நீலப் பாவாடை. பாதிரிக்கு மூக்குக் கண்ணாடி.

— மத்ததும் ஒண்ணு விடாமச் சொல்லு... சரி... சரி... அதுவும் சரி. கொல்லன்?

— தோல் ஏப்ரன்.

— அடி சக்க! கெல்வின், கேட்டியா தம்பி? கொல்லனக் கண்டுபுடிச்சுட்டா. கடைசி ஒண்ணு. வாத்தியார்?

— அது இல்ல ஆன்ட்டி.

— இல்லையா? காலையில நாந்தானே தூசி தட்டி மேசை மேல உக்கார வெச்சேன்.

— டாம்சின், இப்பத்தானே பொத்தான் பாக்க ஓடின?

— ஓடினேன்ப்பா. மேசை மேல எலி இல்ல.

— பெரிலம்மா, ஒவ்வொரு வாரமும் அத அவ பாத்திருக்கா. கறுப்பு அங்கி, கையில பிரம்பு. நானே சாட்சி. மணிய அடிக்க விட்டுருங்க, பாவம்.

— விதின்னா விதி தம்பி. ஒரே நாள்ல பன்னெண்டு. இவளுக்குப் பதினொண்ணு. என்ன கண்ணு சிரிக்கிற?

— சிரிக்கலையே ஆன்ட்டி.

— ம்ம். வாத்தியார் மேசை தாழ்வுதான். அதுக்கு யார் கையும் எட்டும்.

— அடுத்த சனிக்கிழமை வந்து தேடுறோம் ஆன்ட்டி.

— வாங்க, வாங்க. கயித்த அவுத்துக் கட்டி வெக்கிறேன். எனக்கும் இப்பக் கண்ணு சரியில்ல, சீக்கிரத்துல புது எலி தைக்க முடியாது.

— டாம்சின், மெதுவா நட. உனக்கு வருத்தமே இல்லையா? புதுத் தொப்பி, குதிரை எல்லாம்?

— தொப்பிதான் பெருசா இருக்கே. தலை வளரட்டும். அப்பா, பஸ் வருது! சாசேஜ் ரோல் அடுத்த வாரம்.

— இரு, பாஸ் எங்க வெச்சேன்... இதுல இல்ல... இந்தப் பாக்கெட்டுல... இது என்ன? இதத்தான் நான் உள்ள... டாம்சின், இதுக்குக் கையில பிரம்பு இருக்கு!

— வெளிய எடுக்காதப்பா! ஆன்ட்டி ஜன்னல்ல நிக்கிறாங்க. நல்லா அடியில தள்ளி வை. போன வாரம் பஸ்ல நீ தூங்குனப்ப, கொல்லனோட வால் வெளிய தெரிஞ்சுது.