கன்னத்துப் புண்

— அருவாளைக் கீழ போடுங்கண்ணே, ப்ளீஸ்! லேபுல இருந்த கண்ணாடி ஜாடி பூராத்தையும் ஒடைச்சாச்சு. இன்னும் என்ன வேணும்?

— ஜாடி ஒடைஞ்சா வேற வாங்கிக்குவடி. எந்தங்கச்சி பாண்டிச்செல்விக்கு வேற மொகம் வாங்க முடியுமா? வலது கன்னம் பூரா கொப்புளம். வெள்ளிக்கெழமை ஒட்டன்சத்திரத்து மண்டிக்காரரு பொண்ணு பாக்க வர்றாரு. ரெண்டாந்தாரம்னாலும் ராணி மாதிரி வெச்சுக்குவேன்னாரு.

— ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?

— அங்கருந்துதான் வாரேன். வெந்த புண்ணாம், தழும்பு நிக்குமாம். எங்க மலையூரு போளூருக்கு வந்து, ‘மலை வெயிலு குளிர்ல தெரியாது, தோலை உரிச்சிரும், இதைப் பூசுங்க’ன்னு டப்பாவக் குடுத்தது யாரு? ரோகிணி மேடம் நீதான?

— நாந்தான். அது தைலமரத் தூள்ல எடுத்த பசைண்ணே. மரம் வெயிலத் தாங்குதுல்ல, அந்தச் சத்து. கழுவினா ஓடையில மக்கிப் போயிரும். ஒரு மீன்கூடச் சாகாது.

— மீனு சாகாது, பொண்ணு சாகலாமாக்கும்!

— முப்பது பேரு மூணு மாசமா பூசுறாங்க. ஒங்க வீட்டு இருளாயி அக்காவும்தான். யாருக்காவது ஒரு தடிப்பு வந்துச்சா?

— எம்பொண்டாட்டி பேச்ச எடுக்காத. கதவுக்குத் தாப்பா போட்டுட்டேன். எந்தங்கச்சிக்கு வந்தது ஒனக்கும் வரணும். கன்னத்தக் காட்டு.

— இருங்க, இருங்க! தரையில கெடக்குற பசைய எடுத்தே பூசுறேன். இந்தா, கண்ணாடித் தூளோட. பாருங்க, ரெண்டு கன்னத்துலயும். இப்பவே வெயில்ல போய் நிக்கிறேன். கதவத் தொறங்க.

— தொறந்தா ஓடிருவ.

— ஓடலண்ணே, சத்தியமா... ஐயோ! அம்மா! கை... கைய வெட்டிட்டீங்களே!

— குறுக்க ஏன் நீட்டுன? நான் கன்னத்துக்குத்தான் ஓங்குனேன்.

— துணி குடுங்க... ரத்தம் நிக்க மாட்டேங்குது. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவ மொகத்துல என்ன வாடை அடிச்சுது?

— பூண்டு வாடை.

— பசையில பூண்டே கெடையாது! பச்சைப் பூண்ட நசுக்கி வெச்சுக் கட்டினா தோல் வெந்துரும்ணே. கேட்டுப் பாருங்க அவளை!

— பூண்டு காயப்போட்ட வீட்டுல வேறென்ன, மல்லியப்பூவா மணக்கும்? கதை விடாத. இன்னொரு கையையும் எடு.

— அண்ணே! கதவத் தொற! நான் பாண்டிச்செல்வி!

— ஒன்னைய ஜீப்புலயே இருக்கச் சொன்னேன்ல? போத்தா அங்கிட்டு.

— தொறக்கலன்னா இந்தச் சன்னலுக் கண்ணாடிய ஒடைச்சுக்கிட்டு வருவேன். தொற!

— இந்தா தொறந்தாச்சு. வா, வந்து பாரு, ஒம்மொகத்தக் கெடுத்தவளுக்கு என்ன கெதின்னு.

— அடப்பாவி... இம்புட்டு ரத்தமா! மேடம், கைய மேல தூக்கிப் பிடிங்க. எந்தாவணியச் சுத்துறேன். அண்ணே, பசையாலதான்னு நீயா முடிவு கட்டுன. பயத்துல நான் வாயத் தொறக்கல. அதுதான் நான் செஞ்ச பாவம்.

— என்னத்தா சொல்ற?

— பூண்ட நசுக்கி வெச்சுக் கட்டுனது நாந்தாண்ணே. அந்த மண்டிக்காரன் மொதப் பொண்டாட்டிய அடிச்சே கொன்னவன்னு தெரிஞ்சும் அவனுக்கு என்னையக் குடுக்க இருந்த. வெந்த மொகத்தப் பாத்து அவனாச்சும் என்னைய விட்டுருவான்னு நெனச்சேன்.