வாய்ச்சத்தம் மட்டும்

இல்லம்மா, கேட்குது. கேட்கலைன்னு யார் சொன்னா? பேசுறது கணீர்னு கேட்குது, பக்கத்துல உட்கார்ந்து பேசுற மாதிரி. அதான் கம்ப்ளெயின்டே. பேச்சு மட்டும்தான் கேட்குது.

அந்த ஸ்டூல்ல உட்காராதே, வார்னிஷ் இன்னும் காயலை. இப்படி வா. இது மோட்டார் ரிப்பேர் கடை. அதுதான் உங்க போன் கம்பெனி ஆபீஸ்ல யார் மண்டையிலயும் ஏற மாட்டேங்குது. நாலு தடவை கூப்பிட்டுச் சொல்லிட்டேன். அம்மா, நீங்க பேசுறது நல்லாக் கேட்குதேங்கிறா அந்தப் பொண்ணு.

அதோ காயில் சுத்துறாரே, எங்க வீட்டுக்காரர், கை வேலையெல்லாம் அவரோடது. காது வேலை என்னோடது. மோட்டார் பக்கத்துலயே இருந்து இருந்து அவர் காது போயிடுச்சு. நம்மளைப் பார்த்துச் சிரிக்கிறார் பாரு, நீ ஏதோ அவரைப் புகழுறேன்னு நினைப்பு.

நான் படிச்சது அஞ்சாங்கிளாஸ். ஆனா கழட்டாமலே சொல்லிடுவேன். போன் பண்ணுவாங்க, நீங்க ஒண்ணும் பேசாதீங்க, போனை மோட்டார்கிட்ட காட்டுங்கம்பேன். கொரகொரன்னா பேரிங் போச்சு. முனகிக்கிட்டே சுத்தாம நின்னா கண்டன்சர். அதுக்கேத்த சாமானை எடுத்துக்கிட்டு அவர் கிளம்புவார். இப்ப? போன மாசம் உங்க ஆளுங்க இந்த இன்டர்நெட் போனை மாட்டிட்டுப் போனதுலேருந்து, மாவு மில்காரர் மோட்டார்கிட்ட போனைக் காட்டினா கப்சிப். கிணத்துல விழுந்த மாதிரி. கேட்குதா கேட்குதான்னு அவர் கத்துறார். நீங்க கத்துறது கேட்குதுங்க, மோட்டார்தான் கேட்கலைன்னு நான் கத்துறேன். தெருவே வேடிக்கை பார்க்குது.

என்னது, கோடெக்கா? சத்தத்தைக் கட்டி அனுப்புற முறைக்குப் பேரா? மெதுவாச் சொல்லு. ம். ம். அட, ரெண்டு போனும் முதல்லயே தங்களுக்குள்ள பேசிக்குமா? எனக்கு இன்னின்ன முறை தெரியும், உனக்கு எது தெரியும்னு லிஸ்ட் காட்டி, ரெண்டுக்கும் ஒத்து வர்றதுல ஒண்ணை வெச்சுக்குமா? நாம ஹலோ சொல்றதுக்குள்ள சம்பந்தமே பேசி முடிச்சிடுதே. பொல்லாத போனுங்கதான்.

சரி, நம்ம லிஸ்ட்ல முதல்ல எதைப் போட்டு வெச்சிருக்காங்க? மனுஷக் குரலுக்குன்னே பண்ணினதா? குரலை மட்டும் சுருக்கிக் கட்டி அனுப்பும், யாரும் பேசலைன்னா ஒண்ணுமே அனுப்பாது, மத்ததெல்லாம் இரைச்சல். அது இரைச்சல்னு யாரும்மா முடிவு பண்ணினது? கோவிச்சுக்காதே, உன்னைச் சொல்லலை.

மாத்திடு. எல்லாச் சத்தத்தையும் அள்ளிக்கிட்டு வர்றதை மேலே தூக்கி வை. பேச்சு இல்லைன்னா சத்தத்தை வெட்டுற அந்தச் சமாச்சாரத்தை அணைச்சிடு. ஆமா, இங்க அணைச்சா போதுமா? வெட்டுறது அந்தப் பக்கத்துப் போன் ஆச்சே? ஓ, வெட்டாம அனுப்புன்னு நம்ம போன் கேட்டுக்குமா? கேட்டா அதுவும் ஒத்துக்குமா? நல்ல குணம்தான், மனுஷங்களுக்கு வரலை.

அந்தப் பக்கம் பழைய போனா இருந்தா? சும்மாதான் கேட்டேன். அப்படின்னா சுருக்காம அனுப்புற சாதாரணமானது ரெண்டாவதா இருக்கட்டும். லைன்ல இடம் ஜாஸ்தி எடுக்குமா? எடுக்கட்டும்மா.

முடிஞ்சுதா? டெஸ்ட் காலா? மாவு மில்காரர் வேண்டாம், ஆரம்பிச்சா விட மாட்டார். நான் நம்பர் சொல்றேன், நீ போடு. எடுத்ததும் பேசிடாதே, ஹலோகூட வேண்டாம். அந்தப் பக்கமும் யாரும் பேச மாட்டாங்க. பயப்படாதே, எங்க அக்காதான்.

ஊமையா? அவளா? அவ வாய்க்குப் பயந்து தெருவே ஒதுங்கிப் போகும். என்கிட்ட மட்டும் பேச மாட்டா. ஒன்பது வருஷம் ஆச்சு. தையல்காரிம்மா. மிதிச்சு மிதிச்சு முட்டி வலிக்குதுன்னாளேன்னு, அவ வெளியே போயிருந்த நேரமாப் பார்த்து மிஷின்ல ஒரு மோட்டாரை மாட்டி வெச்சேன். சொல்லாம கொள்ளாம. வந்தவ பழைய பழக்கத்துல ஓங்கி மிதிச்சா, ஊசி விரல்ல இறங்கிடுச்சு. இனிமே உன்கிட்ட வாயைத் திறந்தா ஏன்னு கேளுன்னா. திறக்கவே இல்லை.

ஆனா மோட்டாரைக் கழட்டலை பாரு. வாரா வாரம் நான் கூப்பிடுவேன். எடுப்பா, போனை மிஷின் பக்கத்துல வைப்பா, தைப்பா. நான்பாட்டுக்குப் பேசுவேன். கோபம்னா சர்ர்ருனு ஓடும். காது குடுத்துக் கேட்குறான்னா நின்னு நின்னு ஓடும். ஒரு தடவை பேரிங் தேயுற சத்தம் வந்துச்சு, ஒண்ணு வாங்கி அனுப்பி வெச்சேன். அடுத்த வாரம் வெண்ணெய் மாதிரி ஓடுச்சு. அவ்வளவுதான் எங்க பேச்சுவார்த்தை.

இந்தப் போன் வந்ததுலேருந்து ஒரு சத்தமும் இல்லை. என்னக்கா, மிஷினையும் நிறுத்திட்டியான்னு மூணு வாரம் கேட்டேன். அவ அங்க எவ்வளவு ஓட்டிப் பார்த்தாளோ. ஒரே ஒரு ம் சொல்லியிருந்தா உங்க போன் அதைப் பத்திரமாத் தூக்கிட்டு வந்து குடுத்திருக்கும். சொல்லுவாளா அவ? போன வாரம் எடுக்கவே இல்லை. அவளுக்கு அறுபத்தெட்டு வயசும்மா. அதான் உங்க ஆபீஸை அந்தப் பாடு படுத்தினேன்.

பெல் போகுதா? ஸ்பீக்கர்ல போடு.

எடுத்துட்டா. இரு.

கேட்குதா? அதான். சர்ர்ருனு போற வேகத்தைப் பாரு, நல்லாத்தான் இருக்கா. அக்கா, நான்தான். நம்ம போன்லதான் கோளாறு. உன் மிஷின் எனக்குக் கேட்கலைக்கா, இப்பதான் கேட்குது.

நின்னுடுச்சு.

ம், ஓடுது. மெதுவா ஓடுது.

பெல்ட் தளர்ந்திருக்கும்மா. உன் பின்னாடி அந்தத் தகர டப்பாவுல சின்ன பெல்ட் ஒண்ணு கிடக்கும் பாரு, எடுத்துக் குடு. இன்னைக்கே அனுப்பிடுறேன்.