வண்டு அரித்த மரக்குதிரைகள்

எங்கள் அருங்காட்சியகத்துக்கு மழை பெய்தால்தான் கூட்டம் வரும் ஐயா. ஒதுங்க இடம் வேண்டுமே. ஒரு காலத்தில் பெரிய குடும்பம் ஒன்று வாழ்ந்த மாளிகை அது. இப்போது அறைக்கு அறை மரக்குதிரைகள், முகமூடிகள், வர்ணம் தீட்டிய பெட்டிகள். காவலுக்கு நான் ஒருவன். மழை விட்டுவிட்டால் ஈ காக்கை எட்டிப் பார்க்காது.

குதிரைகளை வண்டு அரித்தபோதுதான் அவளை அனுப்பினார்கள். பழம்பொருட்களைப் பழுதுபார்ப்பவள். முகமூடிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, சுவத்துல மாட்டியிருக்கறதுங்களே உங்களவிடக் கொஞ்சம் சிரிச்சாப்ல இருக்கு" என்றாள். சிரித்துவிட்டேன். என் சிரிப்பு எனக்கே அந்நியமாகக் கேட்டது. மத்தியானம் தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் எனக்கும் ஒரு பங்கு வைப்பாள்.

வேலை முடிந்தது, போய்விட்டாள். பின்கட்டில் கிடந்த வண்டு பிடித்த கட்டையில் ஒரு துண்டை எடுத்து வர்ணப் பெட்டி ஒன்றுக்குள் வைத்தேன். வேறொன்றும் செய்யவில்லை. மீதியை வண்டுகள் பார்த்துக்கொண்டன. அவளை மறுபடியும் அனுப்பினார்கள். அதற்கடுத்த முறை முகமூடிகள்.

"உங்க வீட்டு வண்டுக்கு என்னை ரொம்பப் புடிச்சுப்போச்சுண்ணே" என்பாள்.

கடைசியாக வந்தபோது, "இதோட சரிண்ணே. எங்க வீட்டுக்காரருக்கு வெளியூர்ல வேலை கெடச்சிருக்கு. இனிமே வேற ஆள் வருவாங்க" என்றாள். "நல்லாவே பாத்துப்பாங்க, கவலப்படாதீங்க" என்று ஆறுதல் வேறு.

சமையல்கட்டை ஒட்டிய சாமான் அறையைத்தான் வண்டு கொல்வதற்கென்று மாற்றியிருந்தார்கள். காற்றுப் புகாத இரும்புக் கதவு. பொருட்களை உள்ளே அடுக்கி, கதவைப் பூட்டி, வெளியிலிருக்கும் குழாயைத் திறந்தால் உள்ளே விஷவாயு நிறையும். அன்று அவள் உள்ளே குதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கதவைப் பூட்டினேன். கோபமெல்லாம் இல்லை. பிறகு குழாயைத் திறந்தேன்.

"அண்ணே, நான் உள்ள இருக்கேண்ணே" என்றாள். மறதியாகப் பூட்டிவிட்டேன் என்று நினைத்திருப்பாள். என்னைத் தப்பாக நினைக்கத் தெரியாத பெண்.

"நானும் இங்கதாம்மா இருக்கேன்" என்றேன்.

முக்காலியை இழுத்துப் போட்டுக் கதவோரம் உட்கார்ந்தேன். அவள் தட்டத் தட்ட நானும் பேசிக்கொண்டே இருந்தேன். தட்டுவது நின்ற பிறகும் பேசினேன்.

தனியாகக் கிடப்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும் ஐயா. அவளை அப்படி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.