வலப்பக்க நாற்காலி

மல்லிகை கட்டும்போது நாரை ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொள்ள வேண்டும் மேடம். காய்ந்த நார் விரலை அறுக்கும்.

என் வேலையே பூக் கட்டுவதுதான், ஆனால் பூ விற்பதில்லை. மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் செந்தில்நாதன் அண்ணன் வைத்திருக்கும் மூட்டுவலி எண்ணெய்க் கடை வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்கள் பார்க்கும்படி கட்டுவேன். முடக்குவாதம் வந்த விரல் இப்போது எப்படி ஓடுகிறது பாருங்கள் என்பதுதான் விஷயம். கட்டிய சரத்தை எண்ணெய் வாங்கினவர்களுக்கே கொடுத்துவிடுவோம். தலையில் வைத்துக்கொண்டு சந்தோஷமாகப் போவார்கள்.

இதற்கு முன் எனக்கு எந்த வேலையும் நிலைத்ததில்லை. எங்கள் ஊர் ஹனூரிலிருந்து இங்கே வந்த புதிதில் கார்மெண்ட்ஸில் நூல் பிசிறு வெட்டினேன். காலையில் கத்தரிக்கோல் வளையத்துக்குள் விரல் நுழையாது. பத்து மணிக்கு மேல் கை என் பேச்சைக் கேட்கும், ஆனால் கார்மெண்ட்ஸ் பத்து மணி வரை காத்திருக்குமா? அப்புறம் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயா. பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலை நீட்டும், என்னால் மூடியைத் திறக்க முடியாது. ஒருநாள் ஒரு எல்.கே.ஜி. குழந்தை எனக்குத் திறந்து காட்டியது. பெரிய மிஸ் பார்த்துவிட்டார். அதுவும் போயிற்று.

போன இடத்தில் எல்லாம் முகத்துக்கு முன்னால் கையைத்தான் பார்த்தார்கள். செந்தில்நாதன் அண்ணனும் கையைத்தான் பார்த்தார். "இந்த மாதிரி கையத்தானுங்க நான் தேடிட்டிருந்தேன்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எண்ணெய் நல்ல எண்ணெய். வாசனையாக இருக்கும், தடவினால் கதகதப்பாக இருக்கும். வேறொன்றும் செய்யாது. கோடை முடிந்தும் என் விரல் மடங்கவில்லை.

"தசரா எக்ஸிபிஷன்ல ஸ்டால் போடறமுங்க கனகா. அதுக்குள்ள கை ஓடோணும். இல்லீன்னா உங்கள வெச்சுட்டு நான் என்னுங்க பண்றது?" என்றார் அண்ணன்.

நியாயமான கேள்விதான். வயிற்றைப் புரட்டுகிறது என்று நான் ஒதுக்கி வைத்திருந்த ஆஸ்பத்திரி மாத்திரைகளை எடுத்து ஒழுங்காகப் போட ஆரம்பித்தேன். தசராவுக்குள் கை ஓடியது. ஸ்டாலில் கூட்டம் தாங்கவில்லை. அண்ணன் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரே தொந்தரவு, ஆஸ்பத்திரி வரிசைதான். எங்கள் கடைக்கு வருகிறவர்களும் அங்கேதான் நிற்பார்கள். ஒருமுறை ஒரு அம்மாள் பார்த்துவிட்டு, "நீங்க இங்கயா?" என்றாள். பக்கத்து வீட்டுக்காரிக்குத் துணையாக வந்தேன் என்று சமாளித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பல்லவி வந்தாள். பார்லரில் புருவம் திருத்துகிற பெண். நூலைப் பல்லில் கடித்து இழுத்தாள் என்றால் வில் மாதிரி வருமாம். விரல் கணுக்கள் லேசாக வீங்கியிருந்தன, அவ்வளவுதான். நான் பூக் கட்டுவதை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

"அக்கா, மாத்திரைய விடாம போட்டா விரல் கோணாதுன்னு டாக்டர் சொல்றாரு. போட்டா முடி கொட்டுது. பார்லர்ல இருந்துக்கிட்டு மொட்டைத் தலையோட நின்னா எவ உள்ள வருவா? நிஜமா சொல்லுங்க, நீங்க மாத்திரை ஏதாச்சும் போடறீங்களா?"

அண்ணன் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"எண்ணெய் மட்டுந்தான் கண்ணு" என்றேன்.

அவர் மறுபடி ஒட்ட ஆரம்பித்தார்.

"அப்போ இத என்ன பண்றது? எங்கம்மா பாத்தா ரகளை பண்ணும்" என்று பல்லவி பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்தாள். நான் தூக்கிப் போட்டுவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் எனக்குக் கொடுக்கிற அதே மாத்திரை. நல்ல மருந்தை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

அவள் அம்மா அவளை விடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாள். டாக்டர் கேட்டால் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிடு, வீணாகத் திட்டு வாங்காதே என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். வாங்கியதை அப்படியே என்னிடம் கொடுத்துவிடுவாள், நான் வரிசையில் நிற்க வேண்டியதே இல்லாமல் போயிற்று. வீக்கம் குறையவில்லையே என்று டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். எனக்கு இன்னும் நன்றாக இருந்தது.

அவளிடம் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போவோம். ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுவிட்டு, என் பையைத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். அவளுடைய மாத்திரை அந்தப் பைக்குள்தான் இருக்கும். அவ்வளவு நம்புகிற பெண்ணிடம் போய், நான் சொன்னது பொய் என்று எப்படிச் சொல்வது? மனசு உடைந்துபோவாள்.

ஒருநாள் கல்யாணப் பெண் ஒருத்தியின் முகத்தில் நூல் வழுக்கிவிட்டது. அவளுக்கு ஒரு புருவமாவது மிஞ்சியது, பல்லவிக்கு வேலை மிஞ்சவில்லை. விரல்கள் அதற்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. வேலை இல்லாமல் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும் மேடம். அண்ணனிடம் நானே பேசினேன்.

இப்போது வாசலில் இரண்டு நாற்காலிகள். இடப்பக்கம் அவள், வலப்பக்கம் நான். "எடக்கே நோடி, பலக்கே நோடி" என்று அண்ணன் கன்னடத்தில் கூவுவார், இடப்பக்கம் பாருங்கள், வலப்பக்கம் பாருங்கள் என்று. அவள் கை எண்ணெய் தொடங்கிய கை, என் கை எண்ணெய் முடித்த கை. வியாபாரம் முன்பைவிட நன்றாக நடக்கிறது.

"நீங்க மட்டும் வலது பக்கம் செட்டில் ஆயிட்டீங்க. என்னை எப்பக்கா அந்தப் பக்கம் கூப்பிடுவீங்க?" என்று பல்லவி கிண்டல் செய்வாள். அவசரப்படாதே என்பேன். சிரித்துக்கொண்டே இருப்போம்.

ஆமாம், நான்தான். எண்ணெய் போதும் என்று சொன்னதும் நான்தான், அவள் மாத்திரையை இத்தனை நாளும் விழுங்கியதும் நான்தான். இனி அவள் விரல்கள் நேராகாது என்று டாக்டர் உங்கள் ஸ்டேஷனுக்கு எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கெட்டிக்காரர். அவர் மருந்து எனக்கு அவ்வளவு நன்றாகக் கேட்கிறது.

எழுதிக்கொண்டீர்களா? கொஞ்சம் சீக்கிரம் விட்டால் நல்லது. இன்று பல்லவி ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் நாள். நேரத்துக்குப் போய் மாத்திரையை நான் வாங்கிக்கொள்ளாவிட்டால் அவளே அதைப் போட்டுக்கொண்டாலும் போட்டுக்கொள்வாள். கை வீக்கம் வடிந்துவிட்டால் இடப்பக்க நாற்காலியில் அவளை யார் உட்காரவைப்பார்கள்? பாவம், மறுபடியும் வேலை தேட வேண்டியிருக்கும்.